‘செற்’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ், ஈ, ரீ. மூன்றே எழுத்து. சாதாரண தரப் பிள்ளைகள், வெளிநாடு போக ஐ.ஈ.எல்.ரி.எஸ். படிப்பவர்கள், சுன்னாகம் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர், வீடு கட்டுகிற மேசன் என்று பலர் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டவற்றை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்களின் நீளம் ஒன்றுபோல் இராது. சில கேள்விக்கு ஒரு வரி போதும், சிலதுக்குப் போதாது.

சேர், ‘செற்’ எண்டதுக்கு நானூறுக்கு மேலே கருத்து இருக்காம். உண்மையோ?

உண்மைதான். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் இந்தச் சொல்லுக்கு 430 பொருள்கள் காட்டப்பட்டிருக்கின்றன. விளக்கமும் மேற்கோளுமாக அந்தப் பதிவு மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள் போகிறது. அது ஒரு சின்ன நாவலின் நீளம். அந்தப் பதிப்பில் அதுதான் மிக நீண்ட பதிவு.

ஆனால் 430 என்று கேட்டதும் கொப்பி எடுத்து எழுதத் தொடங்க வேண்டாம். அந்த அகராதி வரலாற்று அகராதி. முந்நூறு வருசத்துக்கு முன் செத்துப்போன வழக்கும் அதில் இருக்கும். பாய்க்கப்பல்காரர், வேட்டைக்காரர், அச்சுக்கூடத்தார் மட்டும் பேசினதும் இருக்கும். இன்றைய பேச்சிலும் எழுத்திலும் புழங்குவது அதில் ஒரு சிறு பகுதி. அந்தச் சிறு பகுதியும் ஓரிரு வேரிலிருந்து கிளைத்ததுதான்.

இப்ப ‘ரன்’தான் முதலாமிடம் எண்டு எங்கேயோ வாசிச்சேன்.

சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள். ஒக்ஸ்போர்ட் அகராதியின் மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தி எழுதியபோது, ‘ரன்’ என்ற வினைச்சொல் ஒன்றுக்கே 645 பொருள் வந்துவிட்டது. இயந்திரங்கள் வந்த பிறகு அந்தச் சொல்லுக்கு வேலை கூடிவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, கம்பனி ஓடுகிறது, கணினியில் புரோகிராம் ஓடுகிறது, தேர்தலில் நிற்பவர்கூட ஆங்கிலத்தில் ஓடத்தான் செய்கிறார். யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கிற பெருஞ்சமரில் நாங்கள் எண்ணுகிற ‘ரன்’ அந்த நூற்றுக்கணக்கில் ஒன்று மட்டும்.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை கருத்து? ஆங்கிலத்தில் வேறை சொல் இல்லையோ?

முதல் காரணம், இது பார்வைக்கு ஒரு சொல், பிறப்பில் இரண்டு.

வினையாக வருகிற ‘செற்’ பழைய ஆங்கிலச் சொல். ‘சிற்’ என்றால் இரு, உட்கார். ‘செற்’ என்றால் இருத்து, உட்காரச் செய். தான் செய்வதை ஒரு சொல்லாலும், பிறிதொன்றைச் செய்விப்பதை அதே சொல்லின் உயிரெழுத்தை மாற்றியும் சொல்வது அந்த மொழியின் பழைய வழக்கம். ‘ஃபோல்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை விழுத்து. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘றைஸ்’ என்றால் எழு, ‘றெய்ஸ்’ என்றால் எழுப்பு. இரு–இருத்து, விழு–விழுத்து, கிட–கிடத்து என்று வீட்டில் நாளும் பேசுகிற பிள்ளைக்கு இது புதிதே இல்லை. ஆங்கிலப் புத்தகங்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பெயராக வருகிற ‘செற்’, அதாவது ஒரு தொகுதி, ஒரு கூட்டம் என்ற பொருளில் வருவது, வேறு வழியில் வந்தது. இலத்தீனில் ‘செக்ரா’ என்று ஒரு சொல். ஒருவரைப் பின்பற்றுகிற கூட்டம் என்று பொருள். மதப் பிரிவைக் குறிக்கிற ‘செக்ற்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து ‘செற்’ மாதிரி ஒலிக்கத் தொடங்கி ஆங்கிலத்துக்குள் வந்தது. ஏற்கெனவே அங்கே அதே ஒலியில் ஒரு வினைச்சொல் இருந்ததால், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஒன்றின் பொருளை மற்றது வாங்கிக்கொண்டது.

“அந்தச் செற்றோட திரியாதை” என்று தாய் மகனைப் பேசும்போது, இரண்டாயிரம் வருசத்து இலத்தீன் பொருளுக்கு மிகக் கிட்ட நிற்கிறார்.

கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். அட்டியல், தோடு, வளையல் எல்லாம் ஒரே வேலைப்பாட்டில் ஒரு பெட்டியில் இருந்தால் அது நகைச் செற். அது பிரெஞ்சு வழி வந்த பெயர்ச்சொல். அந்த அட்டியலில் சிவப்புக் கல் பதித்திருந்தால் ஆங்கிலத்தில் அதற்கும் ‘செற்’தான். கல்லை அதன் குழியில் இருத்துகிறார்கள், ஆகவே அது பழைய வினைச்சொல். ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதுகிறவர் ஒரே வசனத்தில் இரண்டையும் போட்டால் இலக்கணப்படி பிழை இல்லை.

சரி, இதையெல்லாம் தமிழில் எப்படி நினைவில் வைப்பது?

இப்போது நீங்களே சொன்னீர்கள்: வைப்பது. தமிழில் ‘வை’ என்ற வினைச்சொல் ஆங்கில ‘செற்’றுக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டும் ஒரு பொருளை ஓர் இடத்தில் இருக்கச் செய்வதைத்தான் சொல்கின்றன. மற்றப் பொருள்கள் அதிலிருந்து நீண்டவை.

தீ வைத்தான். எலிக்குப் பொறி வைத்தாள். கலியாணத்துக்கு நாள் வைத்தார்கள். விடிய நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். கடைக்காரர் கூட விலை வைத்திருக்கிறார். அந்த வீட்டில் இனிக் கால் வைக்க மாட்டேன். வீட்டுக்கு அத்திவாரக்கல் வைத்தார்கள். படிப்பில் மனதை வை. இந்த எட்டு வசனத்தையும் ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘செற்’ என்ற சொல்லைக் கொண்டே சொல்லிவிடலாம். அகராதியில் எட்டு வெவ்வேறு இலக்கமிட்ட பொருளாக இருப்பவை நமக்கு ஒரே ‘வை’.

இன்னும் ஒன்று இருக்கிறது. “அவன் சொன்னது எல்லாரையும் சிரிக்க வைத்தது”, “அந்தச் செய்தி என்னை யோசிக்க வைத்தது” என்று இன்னொரு வினைக்குத் துணையாகவும் ‘வை’ வருகிறது. ஆங்கிலத்திலும் அதே இடத்தில் ‘செற்’ வரும்: “இற் செற் மீ திங்கிங்”. இரண்டு மொழிக்கும் இரத்த உறவு ஒன்றும் இல்லை. ஒரு பொருளை இடத்தில் இருத்துவதும் ஒருவரை ஒரு நிலையில் இருத்துவதும் மனித மனதுக்கு ஒன்றாகப் படுகிறது போலும்.

எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மீன்கறி வைக்கலாம், பிள்ளைக்குப் பேர் வைக்கலாம், தோட்டை அடகு வைக்கலாம். இவை எதற்கும் ஆங்கிலத்தில் ‘செற்’ வராது. மறுபக்கம், ஆங்கிலத்தில் சாதனையைச் ‘செற்’ பண்ணுவார்கள், நாங்கள் படைப்போம். பாட்டுக்கு இசையைச் ‘செற்’ பண்ணுவார்கள், நாங்கள் அமைப்போம். கைதியைச் சுதந்திரமாகச் ‘செற்’ பண்ணுவார்கள், நாங்கள் விடுவிப்போம். ஆகவே ‘வை’யை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், சட்டமாக அல்ல.

அப்ப சூரியன் ‘செற்’ ஆவதற்கு ‘வை’ எப்படிப் பொருந்தும்?

பொருந்தாது. ‘செற்’ இரண்டு விதமாக நடக்கும். ஒன்றை எங்கோ இருத்துவது ஒரு விதம். ஒரு பொருள் தானே ஒரு நிலைக்குப் போய் அமர்ந்துவிடுவது மற்ற விதம். சூரியன் இரண்டாவது வகை. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் பின்னேரம் நின்றால், சூரியன் கடல் விளிம்பில் இறங்கி அமர்வது போலத்தான் இருக்கும்.

தமிழில் இதற்கு ‘படு’ இருக்கிறது. “பொழுதுபட வாறன்” என்று யாழ்ப்பாணத்தில் சொல்லாத வீடு இல்லை. ஞாயிறு படுவது சங்கப் பாட்டிலும் உண்டு. பாடப்புத்தகத்தில் ‘அஸ்தமனம்’ என்று வடமொழியில் படித்துவிட்டு ஊர்ச்சொல்லை மறக்க வேண்டாம். ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும்தான் இத்தனை பொருள் என்று மலைப்பவர்கள், வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியில் இந்தப் ‘படு’வைத் திறந்து பாருங்கள். அந்த அகராதி 1862இல் சென்னையில் அச்சானாலும், அதற்கான வேலை தொடங்கியது யாழ்ப்பாணத்து மிஷன்காரரிடம்தான்.

தம்பி, சீமெந்துப் பையில் ‘செற்றிங் ரைம்’ எண்டு போட்டிருக்கு. காயிற நேரம்தானே அது?

இல்லை அண்ணை, காய்கிற நேரம் இல்லை. இந்தப் பக்கத்தில் காசு நட்டப்படக்கூடிய பிழை இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீமெந்து தண்ணீர் வற்றிக் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து இரசாயன மாற்றம் நடந்து இறுகுகிறது. அதனால்தான் தண்ணீருக்கு அடியில் போட்ட கொங்கிறீற்றும் இறுகுகிறது. ‘இனிஷியல் செற்றிங் ரைம்’ என்பது, கலவை குழைகிற தன்மையை இழக்கத் தொடங்கும் நேரம். அதற்குப் பிறகு கலவையைக் கிளறுவதோ தண்ணீர் விட்டு இளக்குவதோ கூடாது. ‘ஃபைனல் செற்றிங் ரைம்’ என்பது அது முழுக்க இறுகி, அச்சு எடுத்தாலும் உருக்கலையாத நிலைக்கு வரும் நேரம். சாதாரண போட்லண்ட் சீமெந்தில் முதலாவது அரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும், இரண்டாவது பத்து மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநியமம் சொல்கிறது.

இவ்வளவு நேரமாவது கிடைப்பதற்குக் காரணம் சீமெந்து அரைக்கும்போது சேர்க்கிற ஜிப்சம். அது இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் சட்டென்று இறுகிவிடும், கரண்டியால் இழுத்துப் பூச நேரம் இராது.

இறுகுவது வேறு, உரம் ஏறுவது வேறு. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘செற்’, பின்னதற்கு ‘ஹாட்ன்’. பிளேற் போட்ட அன்று இரவே செற் ஆகிவிடும். ஆனால் உரம் நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். பொறியியலாளர்கள் 28ஆம் நாள் உரத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அந்த மாற்றம் நடக்கத் தண்ணீர் வேண்டும். அதற்காகத்தான் பிளேற்றில் வரம்பு கட்டித் தண்ணீர் விடுவதும் நனைத்த சாக்குப் போடுவதும். “செற் ஆகிவிட்டது, காய்ந்துவிட்டது, இனித் தண்ணீர் எதுக்கு” என்று முதல் நாளோடு நிறுத்தினால், சித்திரை வெய்யிலில் வெடிப்பு விடும்.

காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை நடந்த ஊர் இது. 1990இல் போரால் அது மூடுகிறவரை அங்கே வேலை செய்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்டால் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

வேறு என்னென்ன இப்படித் தானாகச் ‘செற்’ ஆகும்?

ஜெலி, புடிங், தயிர், பசை, நகப்பூச்சு. குட்டானில் ஊற்றின பனங்கட்டிப் பாகும், தட்டில் கொட்டின தொதலும் அப்படித்தான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. தயிர் உறையும், பாகு இறுகும், பசை பிடிக்கும். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஒடியற்கூழ் மட்டும் செற் ஆகாது, தடிக்கும். தடிப்பதற்கு ஆங்கிலத்திலும் வேறு சொல்தான்.

முறிந்த கையை எடுத்து எலும்போடு எலும்பு பொருத்திக் கட்டுவதற்கும் ‘செற்’. முறிவு வைத்தியரை ஆங்கிலத்தில் ‘போன்செற்றர்’ என்பார்கள்.

‘ஒனியன் செற்ஸ்’ எண்டு யூரியூப்பில் சொல்லினம். வெங்காயத்தில் என்ன செற்?

நடுவதற்கென்று வைத்திருக்கிற சின்ன வெங்காயக் கிழங்கு. கரும்பை நடும்போது கணுவோடு வெட்டுகிற துண்டுக்கும் இதே பெயர்தான், அங்கே பெரும்பாலும் ரீ எழுத்தை இரண்டு தரம் போட்டு எழுதுவார்கள். மண்ணில் இருத்தப்படுவது என்ற பழைய பொருள்தான் இது. ஒரு கூட்டம் வெங்காயம் என்று விளங்கிக்கொள்ளக் கூடாது.

வெளிநாட்டுக் காணொளியில் காட்டுவது பெரும்பாலும் பெரிய வெங்காயத்தின் ‘செற்’. போன பருவத்தில் விதையிலிருந்து நெருக்கி வளர்த்து, சிறிதாகவே பிடுங்கிக் காயவைத்த கிழங்கு அது. ஒன்றை நட்டால் பெருத்து ஒரு பெரிய வெங்காயமாகும். எங்களுடைய சின்ன வெங்காயத்தில் ஒரு கிழங்கை நட்டால் பல கிழங்காகப் பிரிந்து கொத்தாக வரும். சொல் ஒன்று என்பதற்காக அவர்கள் சொல்கிற இடைவெளியையும் நடுகிற காலத்தையும் இங்கே அப்படியே எடுக்க வேண்டாம்.

தோட்டத்தில் இன்னொரு செற் உண்டு: ‘ஃபுறூட் செற்’. பூ கருக்கட்டிக் காய்பிடிப்பது. முந்திரிகைக்கும் மாமரத்துக்கும் மருந்துப் போத்தலில் இந்தச் சொல்லைக் கண்டால் அதுதான்.

கணிதத்தில் வருகிற ‘செற்’ எது? ‘தொடை’ எண்டு படிப்பிக்கினம், பிள்ளையள் சிரிக்குதுகள்.

சிரிக்கட்டும். தொடுத்தது தொடை. பூவைத் தொடுத்தால் மாலை, அதுவும் தொடை. எதுகைத் தொடை, மோனைத் தொடை என்று யாப்பிலும் இருக்கிறது. காலில் இருப்பதை மட்டும் நினைப்பது வயதின் கோளாறு. இலங்கைப் பாடநூல்களில் ‘தொடை’, தமிழ்நாட்டில் ‘கணம்’. இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடக் காணொளி பார்க்கிற பிள்ளைகள் இதைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘கணம்’ என்று கேட்டதும் வேறு பாடம் என்று நினைத்து மூடிவிடுவார்கள்.

இந்தக் கணிதத்தைத் தொடக்கிவைத்தவர் ஜேர்மனியில் வாழ்ந்த கியோர்க் கன்ரர், 1870களில். அன்றாடப் பேச்சில் ‘செற்’ என்றால் ஒன்றோடொன்று பொருந்தியவை என்ற எண்ணம் வருகிறது. கோப்பையும் தட்டும் ஒரே பூப்போட்டிருந்தால்தான் தேத்தண்ணிச் செற். கணிதத்துக்கு அந்தக் கவலை இல்லை. நல்லூர்த் தேர், எண் 7, ஒரு முருங்கைக்காய் மூன்றையும் சேர்த்து ஒரு தொடை என்று சொல்லலாம். ஒன்று உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தால் போதும். வரிசையும் பொருட்டில்லை, ஒன்றை இரண்டு தரம் எழுதினாலும் எண்ணிக்கை கூடாது, குறையாது.

கரப்பந்தாட்டத்தில் ‘செற்’ எண்டால் ஆட்டத்தின் ஒரு பகுதியா, பந்தைத் தூக்கிக் குடுக்கிறதா?

இரண்டும். பெயர்ச்சொல் ஆட்டத்தின் ஒரு பகுதி. முதல் நான்கு செற்றும் 25 புள்ளி, ஐந்தாவது வந்தால் 15. எதிலும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். வினைச்சொல் என்றால், அடிக்கிறவருக்கு வசதியாகப் பந்தை வலைக்கு மேலே இருத்திக் கொடுப்பது. அதைச் செய்கிறவர் ‘செற்றர்’. இலங்கையின் தேசிய விளையாட்டு இது, 1991இலிருந்து. ஊருக்கு ஊர் மைதானமும் மின்வெளிச்சமும் போட்டு இரவில் ஆடுகிற நாங்கள், இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் ஆங்கில வகுப்புக்குப் போகாமலே சரியாகப் பாவித்து வருகிறோம்.

ரெனிஸில் செற் என்பது ஆறு கேம், இரண்டு கேம் முன்னிலையோடு. ஆறுக்கு ஆறு வந்தால் பொதுவாக ரைபிறேக். உடற்பயிற்சிக் கூடத்தில் “பத்துப் பத்தாய் மூன்று செற்” என்பதும் தொகுதி என்ற பொருள்தான்.

இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ‘செற்’ எண்டு கத்தினால் என்ன செய்ய வேணும்?

இடுப்பைத் தூக்கி அசையாமல் நிற்க வேண்டும், துவக்குச் சத்தம் கேட்கும்வரை. சர்வதேச விதிப்படி 400 மீற்றர் வரையான ஓட்டங்களுக்குத்தான் அந்தக் கட்டளை. 800, 1500 ஓட்டங்களில் ‘ஒன் யுவர் மாக்ஸ்’ முடிந்ததும் நேரே துவக்குத்தான். பேச்சில் வருகிற ‘ஓல் செற்?’ என்ற கேள்விக்கும் இதே பொருள்: எல்லாம் ஆயத்தமா?

லண்டனில் இருக்கிற தம்பியின்ர மகன் கணக்கில் ‘ரொப் செற்’றாம். முதலாம் பிள்ளை எண்டுதானே அர்த்தம்?

அப்படி இல்லை அக்கா. இங்கிலாந்தில் பல இடைநிலைப் பள்ளிகள் ஒரே வகுப்புப் பிள்ளைகளைக் கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்களுக்கு மட்டும் திறமைப்படி குழுக்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு குழுவும் ஒரு செற். ‘ரொப் செற்’ என்றால் மேல்குழுவில் இருக்கிறான். அந்தக் குழுவில் அவன் முதலாமவனாகவும் இருக்கலாம், கடைசியாகவும் இருக்கலாம். கணிதத்தில் மேல்குழுவில் இருக்கிறவன் வேறு பாடத்தில் மூன்றாம் குழுவில் இருக்கலாம். சந்தோசப்படத் தக்க செய்திதான். ஊரெல்லாம் ‘முதலாம் பிள்ளை’ என்று சொல்லிவைத்தால் பிறகு அந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம்.

‘செற் ஓஃப்’, ‘செற் அப்’, ‘செற் இன்’… இவை பரீட்சைக்கு வருகுது. மனப்பாடம்தானா வழி?

பின்னால் வருகிற சின்னச் சொல்லைக் கவனித்தால் பாதி தானே விளங்கும்.

‘ஓஃப்’ என்பது இருந்த இடத்தை விட்டு விலகுவது. யாழ்தேவி நிலையத்தை விட்டுப் புறப்படுவது ‘செற் ஓஃப்’. வெடி வெடிப்பதும், திருடன் கதவைத் தள்ளி அலாரத்தைக் கிளப்பிவிடுவதும் அதுவே. அடங்கியிருந்தது புறப்படுகிறது. ‘செற் அவுற்’ என்றாலும் புறப்படுவதுதான், ஆனால் ஒரு நோக்கத்தோடு. விளக்கமாக எடுத்துவைப்பதற்கும் அது வரும்.

‘செற் அப்’ நிறுவுவது. கடை தொடங்கினாலும் பந்தல் போட்டாலும் சரி. ஆனால் “தே செற் ஹிம் அப்” என்று ஆளை நடுவில் போட்டால் கதை மாறலாம்: அவனைப் பொறியில் மாட்டிவிட்டார்கள் என்ற பொருளும் வரும். கலியாணப் பேச்சில் இரண்டு பேரைச் சந்திக்க வைப்பதும் ‘செற் அப்’ என்பதால், எந்தப் பொறி என்று இடம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

‘செற் இன்’ பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. ஒன்று தொடங்கி, இனி இலேசில் போகாது என்று நிலைகொள்வது இது. பெரும்பாலும் விரும்பாத விசயத்துக்குத்தான் வரும்: மாரி மழை, நோய்த்தொற்று, உக்கல், பயம். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு இது மிகப் பொருத்தம். “சந்தோசம் செற் இன் ஆனது” என்று கட்டுரையில் எழுதினால் வாசிக்கிற ஆங்கிலேயர் புருவத்தை உயர்த்துவார்.

‘செற் பாக்’ என்றால் பின்தள்ளுவது. பேச்சுவழக்கில் செலவு வைப்பதும். ‘செற் அபவுற்’ ஒரு வேலையைச் செய்யத் தொடங்குவது.

நீதிமன்றம் தீர்ப்பைச் ‘செற் அசைட்’ பண்ணினால், ஒத்திவைத்தது எண்டா?

இல்லை, இரத்துச் செய்தது. காசைச் ‘செற் அசைட்’ பண்ணினால் பத்திரமாக ஒதுக்கிவைத்தது. தீர்ப்பைச் ‘செற் அசைட்’ பண்ணினால் அது இனிச் செல்லாது. மேல்முறையீட்டில் கீழ்நீதிமன்றத் தீர்ப்புக்கு இப்படி நடக்கும். ‘தீர்ப்பை ஒதுக்கிவைத்தது’ என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வழக்குக்காரர் அதை வாசித்தால் இன்னும் தவணை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

“அது எனக்குச் செற் ஆகாது” எண்டதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லுறது?

‘செற்’ இல்லாமல் சொல்ல வேண்டும். இது நாங்களே தமிழில் உண்டாக்கின பொருள். இந்த உடுப்பு எனக்குச் செற் ஆகாது, அந்த வேலை செற் ஆகாது, அவனுக்கும் எனக்கும் செற் ஆகாது என்ற மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல் வராது. உடுப்புக்கும் வேலைக்கும் ‘சூற்’, ஆட்களுக்கு ‘கெற் அலோங்’. “புது வீட்டில் இன்னும் செற் ஆகேல்லை” என்பதற்கு ‘செற்றில்ட்’. “ஆளைச் செற் பண்ணிப்போட்டான்” என்று பெடியள் பேசுவதை மொழிபெயர்க்க நான் உதவ மாட்டேன்.

தமிழில் இவற்றைப் பேசுவதில் ஒரு குற்றமும் இல்லை. வந்த சொல் வீட்டுக்காரர் போலப் பழகிவிட்டது. ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்பும்போதுதான் கவனம்.

இறந்தகாலம் என்ன? ‘செற்றட்’ எண்டு எழுதினால் பிழை போடுகினம்.

இறந்தகாலத்துக்கும் ‘செற்’தான். ‘புற்’, ‘கற்’, ‘ஹிற்’, ‘லெற்’ எல்லாம் இந்தக் குடும்பம். பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கு ஒரு விகுதி இருந்தது. ஏற்கெனவே முடிவில் அதே ஒலி இருந்ததால் நாளடைவில் கரைந்துபோனது. ‘ஹி செற்ஸ்’ என்று கடைசியில் எஸ் இருந்தால் நிகழ்காலம், ‘ஹி செற்’ என்று எஸ் இல்லாவிட்டால் இறந்தகாலம். ‘ஐ செற்’ என்றால் வசனத்தின் மற்றச் சொற்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ‘செற்றிங்’ என்று எழுதும்போது ரீ எழுத்து இரட்டிக்கும்.

‘செற்’ எண்டு எழுதுறதா, ‘செட்’ எண்டா?

எது என்றாலும் விளங்கும். ஆங்கில ரீ ஒலிக்கு ‘ற்’ போடுவது யாழ்ப்பாணத்துப் பழைய எழுத்துமுறை: கிறிக்கெற், மாக்கெற், ரிக்கெற். தமிழ்நாட்டில் ‘ட்’. சினிமாவும் இணையமும் வந்த பிறகு இங்கேயும் இளையவர்கள் ‘செட்’ என்றே எழுதுகிறார்கள். நான் ‘செற்’றோடு இருக்கிறேன், கையும் காதும் அதற்குத்தான் பழக்கம். இணையத்தில் தேடும்போது மட்டும் இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.